பாதிக்குரல்

கிரிம்ஸ்பி
17 பிப்ரவரி 1957, ஞாயிறு

அன்புள்ள ஆலிவ்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்பது தெரியும். என்ன என்பதுதான் தெரிய வேண்டும்.

மூன்று ஞாயிறாக மீன்கடைத் தொலைபேசியிலிருந்து உன்னைக் கூப்பிடுகிறேன். மூன்று முறையும் உன் வீட்டுக்காரம்மா திருமதி பிளம்தான் எடுத்தாள். "ஆலிவ் வெளியே போயிருக்காங்களே" என்கிறாள். இன்றைக்கு அவள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் தும்மல் கேட்டது. இரண்டு சின்னது, ஒன்று பெரியது. முப்பத்தெட்டு வருஷமாக அந்தத் தும்மலைக் கேட்டு வருகிறேன். லண்டனில் அப்படித் தும்ம வேறு ஆள் கிடையாது.

என்மேல் கோபமென்றால் நேராகச் சொல். கிறிஸ்துமஸன்று உன் அத்தான் பேசியதற்கா? "உன் தங்கச்சி மேடையில சாகிறதுக்கு முன்னால இருபது நிமிஷம் பாடுறாளே, அதுக்குள்ள ஆம்புலன்ஸே வந்துருமே" என்றார். வால்டர் பதினெட்டு வருஷம் மீன்பிடிக் கப்பலின் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்ற மனுஷர். பாட்டைப் பற்றி அவர் சொல்வதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள முடியுமா?

மார்ச் பதினான்கு உன் இசைநாடக அரங்கேற்றத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. மூன்றாவது வரிசை. டாஸ்கர் கிழவி கடைக்கு வந்தவள், "உன் தங்கச்சிக்கு எதுக்கு முன்வரிசை? பத்து வயசுல உன் தள்ளுவண்டிப் பெட்டி மேல ஏறி நின்னு ஹாடக் மீன் விலை கூவுவா, எங்க தெருக்கோடி வரைக்கும் கேக்கும். நீ பின்னால உக்காந்தாலே போதும்" என்றாள். சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய், நீ ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று யோசித்தேன்.

உடனே எழுது.

மேபல்


லண்டன்
19 பிப்ரவரி 1957

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கூப்பிட்ட மூன்று நாளும் நான் மாடிப்படியில்தான் உட்கார்ந்திருந்தேன். திருமதி பிளம் காதிலிருந்து கருவியைக் கொஞ்சம் விலக்கிப் பிடிப்பாள். உன் குரல் எனக்குக் கேட்கும். என்னால் பதில் பேச முடியாது. பேசக் கூடாது.

ஜனவரி கடைசியில், தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது தொண்டையில் நூல் அறுந்த மாதிரி இருந்தது. வலியே இல்லை. டாக்டர் பெல்லமி கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். குரல் நாணில் இரத்தம் கட்டியிருக்கிறது, பார்லி அரிசி அளவுக்கு. ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாது என்றார். முணுமுணுக்கக்கூடக் கூடாதாம். மீறினால் குரல் திரும்ப வருமா என்று அவரால் சொல்ல முடியாது.

ஆறு வாரம் முடிவது மார்ச் பதின்மூன்று. அரங்கேற்றம் பதினான்கு. ஒரு நாள் மிச்சம் இருக்கிறது பார்.

எப்படிச் சமாளிக்கிறேன் என்று கேட்பாய். வீட்டில் ஸ்லேட்டில் எழுதிக் காட்டுகிறேன். ஒத்திகையில் பாதிக்குரல். எங்கள் தொழிலில் அது வழக்கம்தான். ஒத்திகைக்குப் போய் யாரும் முழுத் தொண்டையில் பாடுவதில்லை. மெதுவாக, மேலே போகும் இடங்களைக் கீழே இறக்கி, சில இடத்தில் உதட்டை மட்டும் அசைத்து ஓட்டிவிடுவோம். குரலைச் சேமிப்பது என்று பெயர். பெரிய பாடகி என்றால் அதை மரியாதையாகவே பார்ப்பார்கள். இசைக்குழுவை நடத்தும் ஹார்க்னெஸ் புதிதாக வந்தவர்களிடம், "ஆலிவைப் பார்த்துக் கத்துக்கங்க, ஒரு சொட்டு வீணாக்க மாட்டேங்கறா" என்கிறார். யாருக்கும் சந்தேகம் இல்லை.

பயமாக இருக்கிறது அக்கா. எழுந்ததும் கை தானாகத் தொண்டைக்குப் போகிறது. கதவை யாராவது வேகமாகத் திறந்தால், பயத்தில் கத்திவிடுவேனோ என்று பயப்படுகிறேன்.

இதை அடுப்பில் போட்டுவிடு. அத்தானிடம்கூடச் சொல்லாதே.

உன்
ஆலிவ்


கிரிம்ஸ்பி
21 பிப்ரவரி 1957

அன்புள்ள ஆலிவ்,

கடிதத்தை எரித்துவிட்டேன். படித்ததை எரிக்க முடியவில்லை.

டாக்டர் வாய் திறக்காதே என்றார். நீ பாதி திறக்கிறாய். பாதிக்குரலில் பாடுகிறேன் என்று அவரிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். அரங்கில் இருப்பவர்களுக்கு உன் தொண்டை கெட்டது தெரியாது. டாக்டருக்கு நீ ஒத்திகைக்குப் போவது தெரியாது. இரண்டு பக்கமும் கதவைச் சாத்திக்கொண்டு நடுவில் நிற்கிறாய்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. தள்ளுவண்டியை விட்டு முதல் கடை வைத்த இரண்டாம் வருஷம், ஒரு பெட்டி ஹாடக் லேசாகத் தளர்ந்துவிட்டது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. தூக்கி எறிய மனசு வரவில்லை. மேலே நிறையப் பனிக்கட்டி போட்டு, நல்ல மீன் நாலை மேலே அடுக்கி விற்றுவிட்டேன். ஒரு வீட்டில் மூன்று பேர் படுத்துவிட்டார்கள். அதில் ஒரு கைக்குழந்தை. பிழைத்துக்கொண்டது. பிழைக்கும்வரை நான் எப்படி இருந்தேன் என்று உன் அத்தானைக் கேள். பனிக்கட்டி நல்ல மீனையும் காக்கும், கெட்டதையும் மறைக்கும். மேலிருந்து பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. போட்டவளுக்குத் தெரியும்.

உன் பாதிக்குரலும் அந்தப் பனிக்கட்டிதான். ஹார்க்னெஸிடம் போய்ச் சொல். திட்டுவார். திட்டினால் காதுக்குத்தான் வலி, தொண்டைக்கு இல்லை.

மேபல்


லண்டன்
26 பிப்ரவரி 1957

அக்கா,

நான் மீன் இல்லை.

பதினைந்து வருஷம் தோழி, பணிப்பெண், மூன்றாவது சூனியக்காரி என்று பாடிவிட்டு இங்கே வந்து நிற்கிறேன். இந்த இசைநாடகம் புதிது. கலங்கரை விளக்கக் காவலனின் மனைவி வேடம் என் குரலை மனதில் வைத்தே எழுதப்பட்டது. எனக்கு முன்னால் யாரும் பாடியதில்லை. முதலில் பாடுகிறவள் பெயர்தான் அதோடு ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு உடம்பு முடியாமல் போனால் பாடுவதற்கென்று நெஸ்டா என்று ஒரு பெண்ணை வைத்திருக்கிறார்கள். வேல்ஸ்காரி, இருபத்து நாலு வயது. தினமும் மேடையோரத்தில் நின்றுகொண்டு என் வரிகளுக்கு உதட்டை அசைக்கிறாள். நல்ல பெண்தான். எனக்குத் தேன் கொண்டுவந்து தருகிறாள். அவள் தேனைக் கொடுக்கும்போது என் கழுத்தையே பார்க்கிற மாதிரி இருக்கிறது.

இன்னும் பதினாறு நாள். நீ யாரிடமாவது வாய் திறந்தால் எனக்கு அக்கா கிடையாது.

ஆலிவ்


கிரிம்ஸ்பி
2 மார்ச் 1957

அன்புள்ள ஆலிவ்,

அக்கா இல்லை என்று நீ சொல்லிக்கொள். எனக்குத் தங்கை உண்டு.

உன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் டாக்டர் பெல்லமியைத் தொலைபேசியில் பிடித்தேன். அவருடைய பெண் உதவியாளர் விடமாட்டேன் என்றாள். சந்தையில் பேசும் குரலில் நாலு வார்த்தை பேசினேன், விட்டுவிட்டாள்.

"டாக்டர், நான் தேவாலயத்துல பாடகர் குழு நடத்துறேன். எங்க பொண்ணு ஒருத்திக்குக் குரல் நாண்ல ரத்தம் கட்டியிருக்கு. பேச மாட்டேங்கறா, சரியா இருக்கா. ஆனா பாட்டு மட்டும் பாதிக்குரல்ல பாடிக்கிறா. பரவால்லையா?"

அவர் சொன்னார்: "ஏம்மா, காலை ஊனாதேன்னு சொன்னா நுனிக்கால்ல ஓடுவாங்களா? பாதிக்குரல்ல அடக்கிப் பாடுறப்பதான் நாண் அதிகமா இறுகும். பொண்ணு பேரென்ன?"

வைத்துவிட்டேன். விலாங்கு மீனை உயிரோடு தோலுரிக்கிற கை இது, ஆலிவ். அரை மணி நேரம் கத்தியைப் பிடிக்க மறுத்தது. வால்டர் என்னவென்று கேட்டார். பனிக்கட்டிப் பெட்டியில் கைவிட்டதாகச் சொன்னேன்.

நீ சேமிக்கவில்லை. செலவழித்துக்கொண்டிருக்கிறாய். இன்றைக்கே நிறுத்து. மிச்சமுள்ள ஒத்திகைகளில் உதட்டை மட்டும் அசை. அரங்கேற்றம் போனால் போகட்டும்.

மேபல்


லண்டன்
12 மார்ச் 1957, பிற்பகல்

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றிலிருந்து உதட்டை மட்டும்தான் அசைத்தேன். எட்டு நாள். சத்தியமாக ஒரு ஒலிகூட விடவில்லை.

இன்று காலை உடையலங்காரத்தோடு கடைசி ஒத்திகை. முதல் இரண்டு அங்கமும் உதடு அசைத்தே ஓட்டினேன். மூன்றாவதில், விளக்கு மாடத்தில் நின்று கணவனின் படகை அவள் கூப்பிடும் இடம். அங்கேதான் உச்சி சுரம். அதை மட்டும் பாடிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. வியாழக்கிழமை ஆயிரம் பேர் முன்னால் முதல் தடவையாகச் சோதிக்க எனக்குத் தைரியம் இல்லை.

மூச்சை இழுத்தேன். வாயைத் திறந்தேன்.

காற்று வந்தது. வெறும் காற்று. அந்த இடத்தில் வாத்தியம் எல்லாம் நின்றுவிடும், என் குரல் மட்டும் கேட்பதற்காக. நாலு எண்ணும் வரை மேடையில் ஒன்றுமே இல்லை. நான் வாயைத் திறந்தபடி நிற்கிறேன். என் உடம்புக்குள் எல்லாம் சரியாகவே நடந்தது, வயிறு, மூச்சு, தாடை எல்லாம். ஒலி மட்டும் இல்லை.

ஹார்க்னெஸ் குச்சியைக் கீழே இறக்கிவிட்டுச் சிரித்தார். "நல்லது ஆலிவ், வியாழக்கிழமைக்கு மிச்சம் வச்சுக்கங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வயலின்காரர்கள் சிலர் வில்லால் இசைத்தாள் தாங்கியைத் தட்டிப் பாராட்டினார்கள். நானும் சிரித்துத் தலையாட்டினேன்.

ஒருவருக்கும் தெரியவில்லை அக்கா. அவர்கள் கண்முன்னால் என் குரல் போனது, அதற்குக் கைதட்டு வாங்கினேன். நெஸ்டா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என்ன செய்வது என்று சொல். திட்டாமல் சொல்.

ஆலிவ்


தந்தி
கிரிம்ஸ்பி, 13 மார்ச் 1957, காலை 9.10

கடிதம் கிடைத்தது. நான் வருமுன் ஹார்க்னெஸிடம் நீயே சொல்லிவிடு. பகல் ரயிலில் வருகிறேன். மேபல்.


கிரிம்ஸ்பி
16 மார்ச் 1957, சனி

அன்புள்ள ஆலிவ்,

நேற்று உன்னை விட்டுவிட்டு ரயில் ஏறியதிலிருந்து மனசில் ஓடுவதை எழுதிவிடுகிறேன். நேரில் இருந்தபோது நான் பேச, நீ ஸ்லேட்டில் எழுத, பாதிப் பேச்சு அழிந்து போய்விட்டது.

புதன்கிழமை நான் வந்து இறங்கியபோது நிலையத்தில் நீ நின்றது கண்ணிலேயே இருக்கிறது. சாம்பல் கோட்டு, மார்பில் ஸ்லேட். "சொல்லிவிட்டேன்" என்று எழுதிப் பிடித்திருந்தாய். யாரோ உன்னை வழிகாட்டி என்று நினைத்து, லீட்ஸ் ரயில் எங்கே என்று கேட்டார்கள். நீ கையைக் காட்டினாய். அது லீட்ஸ் பக்கமா இல்லையா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

நாடகத்தன்று என்னைப் பயம் பிடுங்கித் தின்றது. திரைக்கு முன்னால் ஹார்க்னெஸ் வந்து, நீ நடிப்பாய், நெஸ்டா ஓரத்தில் நின்று பாடுவாள் என்று அறிவித்ததும் அரங்கமே முனகியது. எனக்குப் பக்கத்து ஆள், "காசு குடுத்தது பொம்மலாட்டம் பாக்கவா?" என்றான். அவன் காலை மிதித்தேன். தவறுதலாக இல்லை.

மற்றவர்கள் உன் முகத்தைப் பார்த்தார்கள். நான் உன் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம். விளக்கு மாடத்தில் நீ வாயைத் திறந்தபோது நெஸ்டாவின் குரல் எங்கிருந்தோ வந்து கூரையில் மோதியது, உன் கழுத்தில் ஒரு நரம்பு புடைக்கவில்லை. ஒலியே விடமாட்டேன் என்று எனக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். அப்போதுதான் மூச்சுவிட்டேன். கையில் பார்த்தால் நிகழ்ச்சித் தாள் கூழாகியிருந்தது.

அந்தப் பெண் நன்றாகப் பாடினாள். உனக்கு அது கசக்கும், ஆனால் பொய் சொல்லி என்ன பயன். உன்னைப் போல் இல்லை. நன்றாக இருந்தது. கடைசியில் அவள் உன் கையைப் பிடித்து முன்னால் இழுத்தபோது அந்தப் பொம்மலாட்டக்காரனும் எழுந்து நின்று தட்டினான்.

இனி மே பதின்மூன்று வரை ஒரு முனகலும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரே நான் யாரென்று ஊகித்து, பாடகர் குழு அம்மா நலமா என்று விசாரித்ததாக எழுதிக் காட்டினாயே, அதற்கு நீ சத்தமில்லாமல் சிரித்தாய் பார், தோள் மட்டும் குலுங்க. எனக்கு அழுகை வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

புகைபோட்ட ஹாடக் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். பாலில் வேகவைத்துச் சாப்பிடு.

மேபல்


லண்டன்
8 மே 1957

அன்புள்ள அக்காவுக்கு,

இன்னும் ஐந்து நாள். ஏழு வாரமாக எண்ணிக்கொண்டிருந்த நாள் வருகிறது. இப்போது அது வராமல் இருந்தால் தேவலை என்றிருக்கிறது. பேசாமல் இருக்கும் வரைக்கும் குரல் உள்ளே பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். திறந்து பார்த்தால்தான் இல்லை என்று தெரியும்.

இலையுதிர் காலத்தில் நாடகத்தை மறுபடி போடுகிறார்கள். ஹார்க்னெஸ் கடிதம் எழுதியிருக்கிறார். பாட முடியும் என்று நான் சொன்னால் வேடம் எனக்கு. இல்லையென்றால் நெஸ்டாவுக்கு. புதன்கிழமை, மே பதினைந்துக்குள் பதில் வேண்டுமாம்.

திங்கள் மூன்று மணிக்கு டாக்டரிடம் போகிறேன். புண் ஆறிவிட்டதா என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்வார். எப்படி ஒலிக்கிறது என்று கண்ணாடிக்குத் தெரியாது. என் காதை நான் நம்பமாட்டேன், அது உள்ளேயிருந்து கேட்கிற காது. இங்கே இருப்பவர்கள் எல்லோரும் "அற்புதம்" என்பார்கள். காலில் ஆணி குத்தினால்கூட அற்புதம் என்கிற கூட்டம் இது.

நாலு மணிக்குக் கடைக்குக் கூப்பிடுகிறேன். முதல் வார்த்தை உனக்கு. டாக்டர் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம்தான் பேச அனுமதிப்பாராம். நீ ஒரு மீனைப் பார்த்துச் சொல்கிற மாதிரி என் குரலைப் பற்றிச் சொல். நீ சொல்வதை வைத்துத்தான் ஹார்க்னெஸுக்குப் பதில் எழுதப்போகிறேன்.

உன்
ஆலிவ்


கிரிம்ஸ்பி
13 மே 1957, மாலை 5 மணி

அன்புள்ள ஆலிவ்,

மூன்றரைக்கே கடையைச் சாத்திவிட்டேன். இருபது வருஷத்தில் சாவுக்குத் தவிர சாத்தியதில்லை. வால்டர் வாசலில் நின்று ஆட்களைத் திருப்பி அனுப்பினார். டாஸ்கர் கிழவி, "மீன் இல்லையா?" என்றாள். "மீன் இருக்கு, நேரம் இல்ல" என்றார். யார் செத்தது என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நாலு மணிக்கு மணி அடித்தது. எடுத்தேன். மூச்சு மட்டும் கேட்டது. "யாரு, ஆர்டரா?" என்று கேட்டேன். நீதான் என்று தெரியும், ஆனால் ஏதாவது பேசாவிட்டால் நான் விழுந்திருப்பேன். அப்புறம் நீ கேட்டாய்: "அக்கா, ஹாடக் என்ன விலை?"

நான் உடனே, "நல்லா இருக்குடி, ரொம்ப நல்லா இருக்கு, பழையபடியே இருக்கு" என்றேன். நீ அழுதாய். வைத்துவிட்டாய்.

ஆலிவ், பழையபடி இல்லை.

நங்கூரக் கயிற்றை மரத்தின்மேல் இழுத்த மாதிரி இருந்தது. "அக்கா" என்றதில் நடுப்பகுதி காணாமல் போய்த் திரும்பி வந்தது. "ஹாடக்" என்றபோது இரண்டு பேர் சேர்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. "விலை" மட்டும்தான் உன்னுடையது.

இத்தனை நாள் மூடிக் கிடந்த தொண்டை, போகப் போகச் சரியாகலாம். ஆகாமலும் போகலாம். அது எனக்குத் தெரியாது. இன்றைக்கு என் முன்னால் வைத்த சரக்கு இது, அவ்வளவுதான் தெரியும்.

அந்த ஒரு பெட்டிக்குப் பிறகு எந்த வாடிக்கையாளருக்கும் நான் செய்யாததை உனக்குச் செய்துவிட்டேன். பயந்துவிட்டேன். உன் குரலைக் கேட்டதும் வாய் தானாக ஓடியது. பத்து நிமிஷம் கழித்து அந்தப் பொய் என்ன செய்யும் என்று உறைத்தது. நீ புதன்கிழமைக்குள் பாடுகிறேன் என்று எழுதிக் கொடுப்பாய். மறுபடி ஒத்திகை, மறுபடி பாதிக்குரல். இந்த முறை பனிக்கட்டி போட்டவள் நானாக இருப்பேன்.

திரும்பக் கூப்பிட்டால் உன்னைப் பேசவைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். ஆறு மணித் தபாலில் போட வால்டர் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறார். நாளைக்கு உன் கைக்கு வந்துவிடும். ஹார்க்னெஸுக்கு ஒன்றும் எழுதிவிடாதே.

மன்னித்துவிடு. இந்த வார்த்தையை உனக்கு இதுவரை எழுதியதில்லை என்று நினைக்கிறேன்.

மேபல்


லண்டன்
14 மே 1957

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இரண்டாம் தபாலில் வந்தது. அதற்குள் நான் ஹார்க்னெஸைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று நாலு மணி ஒரு நிமிஷத்துக்கே எனக்குத் தெரியும். நீ பேசுகிற சுருதி எனக்கு மனப்பாடம். சந்தை இரைச்சலிலும், அம்மா போன அன்றும், உன் கல்யாணத்தன்றும் அது ஒரே இடத்தில்தான் நின்றது. நேற்று "நல்லா இருக்குடி" என்றபோது நாலு சுரம் மேலே ஏறிவிட்டாய். உன் வாழ்நாளில் நீ தொட்ட உச்சி அதுதான். இவ்வளவு பயந்து போயிருக்கிறாளே, அப்படியானால் என் குரல் என்ன லட்சணத்தில் இருக்க வேண்டும் என்று புரிந்தது. அதற்குத்தான் அழுதேன். குரலுக்குக் கொஞ்சம், உனக்குக் கொஞ்சம்.

காலையில் ஸ்லேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். "இலையுதிர் காலத்துல என்னால முடியாது. நெஸ்டாவுக்குக் குடுத்துருங்க" என்றேன். ஹார்க்னெஸ் என் குரலைக் கேட்டு முகம் வெளுத்தார். அவருக்குக் கேட்கட்டும் என்றுதான் வாயால் சொன்னேன். "அப்ப எப்ப?" என்றார். "தெரியல. தெரிஞ்சா நானே சொல்றேன்" என்றேன். பத்து நிமிஷத்தில் ஒன்றுதான் செலவு.

பயம் போகவில்லை. இன்றைக்கு வந்த சொல் நாளைக்கும் வருமா என்று ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கும் முன் நிற்கிறேன். ஆனால் இப்போது ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை. கதவை யாராவது வேகமாகத் திறந்தால் திறந்துவிட்டுப் போகட்டும்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் என்று இருக்கிறது, அதில் ஐந்து உனக்கு, இரண்டு அத்தானுக்கு. மீதியை டாஸ்கர் கிழவிக்கு வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நேற்று உன்னைக் கேட்டதற்கு நீ பதிலே சொல்லவில்லை.

ஹாடக் என்ன விலை?

உன்
ஆலிவ்